மௌனப் படம் உங்களை முதலில் பிடித்துக்கொண்டது எப்போது?

கடைசிவரிசை:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுவார்கள். கல்யாண மண்டபத்து மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கட்டிய வேட்டி. அன்று சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’. ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பீக்கர் உயிரை விட்டது. கம்பியைப் பிடுங்கிச் செருகினார்கள், தட்டினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. “ஊமைப்படம்தானே, சத்தம் எதற்கு?” என்று யாரோ சொல்ல, அப்படியே ஓடவிட்டார்கள்.

எனக்குப் பெரும் எரிச்சல். அந்தப் படத்துக்கு இசை அமைத்தவரே சாப்ளின்தான். ஹாலிவுட் மொத்தமும் பேசும் படத்துக்குத் தாவிவிட்ட பிறகு, 1931-ல், வசனம் வேண்டாம் என்று அடம்பிடித்து வெளியிட்ட படம். அதில் இசையையும் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். ஏழு வயது இருக்கும் அவளுக்கு. திரையில் ஆங்கில எழுத்து வரும்போதெல்லாம் அவள் காதில் தமிழில் சொன்னார். “கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் ஐயா” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அரை மணி நேரத்தில் மாடி முழுவதும் அவர் குரலில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்து வராத இடத்திலும் அவர் விடவில்லை. “குடித்தால் உயிர் நண்பன், தெளிந்தால் யாரோ எவரோ” என்று படத்தில் வரும் பணக்காரனைப் பற்றிச் சொன்னபோது கைதட்டலே விழுந்தது. குத்துச்சண்டையில் நடுவரின் முதுகுக்குப் பின்னால் சாப்ளின் ஒளிந்து ஒளிந்து ஆட, பேத்தி நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள்.

கடைசிக் காட்சி. கண் தெரியாதபோது பூக்காரப் பெண் சாப்ளினைப் பணக்காரன் என்று நம்பியிருந்தாள். இப்போது பார்வை வந்துவிட்டது. கிழிந்த சட்டைக்காரனுக்கு இரக்கப்பட்டுக் காசு கொடுக்கிறாள், கையைத் தொட்டதும் புரிகிறது. திரையில் ஒற்றைச் சொல்: ‘யூ?’

பெரியவர் வாய் திறக்கவில்லை. “என்ன தாத்தா எழுதியிருக்கிறது?” என்றாள் பேத்தி. “நீயா…” என்று தொடங்கியவர், “இல்லை, நீங்களா” என்றார். பிறகு தனக்குத்தானே, “தெரியவில்லையே” என்றார்.

படியிறங்கும்போது எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

இரவுவிழிப்பு:

நீங்களா. மனதுக்குள் அவ்வளவு நாள் மரியாதையாக வைத்திருந்தவள், சட்டையைப் பார்த்ததும் மாற்றிவிடுவாளா?

என்னைப் பிடித்தவர் சாப்ளின் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன். அப்பாவுக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்த இரவுகள் அவை. வார்டில் சத்தம் வைக்கக் கூடாது, காதில் எதையும் மாட்டிக்கொண்டால் அப்பா கூப்பிடுவது கேட்காது. ஒலியில்லாமலே பார்க்கக்கூடியது எது என்று தேடியபோது கிடைத்தது ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’, 1928. புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் விழ, அசையாமல் நிற்கிறார். தந்திரக்காட்சி இல்லை, நிஜச் சுவர். தோளின் இருபுறமும் சில அங்குலம்தான் இடைவெளி. பக்கத்துக் கட்டில்காரர் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னொரு தடவை போடு தம்பி” என்றார். ஆறு தடவை போட்டேன். இதே கீட்டனுக்கு 1924-ல் ஒரு படத்தில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் கொட்டிக் கழுத்தெலும்பில் முறிவு. அது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்ததாம். இதைக் கட்டில்காரரிடமும் சொன்னேன். தன் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார்.

இன்னொன்று. சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்தக் காலத்து மனிதர்கள் தடதடவென்றுதான் நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கேமராவைக் கையால் சுற்றி, நொடிக்கு 16, 18, 20 என்று ஏறத்தாழ எடுத்த படங்களைப் பேசும் படத்துக்கான 24-ல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். சரியான வேகத்தில் பார்த்தால் அவர்களும் நம்மைப்போலத்தான் நடக்கிறார்கள்.

அரைத்தூக்கம்:

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் ஊமைப்படம் பார்க்க உட்கார்ந்து குறட்டை விட்டவன். இரண்டரை மணி நேரம்! தொலைந்துபோன பகுதிகள் 2008-ல் பியூனஸ் அயர்ஸில் கிடைத்துச் சேர்த்த பிரதி அது. சேர்த்த இடமெல்லாம் ஒரே கீறல், திரையில் மழை கொட்டும். அந்த மழையில்தான் விழித்தேன், அதற்குப் பிறகு தூங்கவில்லை. கீறல் விழுந்த காட்சிகள்தான் எனக்குப் பிடித்தவை, காரணம் கேட்காதீர்கள்.

நீயா, நீங்களா? சப்டைட்டில் போடுகிறவன் பாடு.

டூரிங்டாக்கீஸ்:

அந்தப் பெரியவர் செய்தது ஒரு தொழிலாகவே இருந்தது. ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவரை ‘பென்ஷி’ என்பார்கள். இயக்குநர் அகிரா குரோசவாவின் அண்ணனும் பென்ஷிதான். நம் பக்கத்துக் கூடாரக் கொட்டகைகளிலும் ஆள் நின்று கதை சொன்னதுண்டு.

நேற்று இரவு என் அம்மாவுக்கு அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டி, நீயாவா நீங்களாவா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இரண்டும் இல்லை” என்றாள். “‘இவரா!’ என்றுதான் நினைத்திருப்பாள்.”