பம்ப் ஆபீஸ் பீரோவில், பிள்ளை மைதானத்தில்

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், அவனுக்கு வீசிங் தொல்லை உண்டு. மார்கழிப் பனி, போகிப் புகை, சாக்பீஸ் தூசி எதுவும் அவனுக்கு ஆகாது. போன வருஷம் பி.டி. பீரியடில் ஓடும்போது இழுப்பு வந்துவிட்டது. மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) பள்ளியில்தான் இருந்தது. ஆனால் ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள், சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். பி.டி. சார் நல்ல மனிதர். பதறிப்போய் அவனைப் பெஞ்சில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். வீசிங் வந்த பிள்ளையைப் படுக்க வைத்தால் மூச்சு இன்னும் திணறும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அந்தப் பூட்டின் மேல்தான் கோபம்.

அப்புறம் டாக்டரிடம் கேட்டு ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கினேன். நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். அவசரத்துக்கான நீல பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டி, ஒரு தடவை அழுத்தி நாலைந்து மூச்சு இழுக்க விட வேண்டும். இப்படி நாலு தடவை. நாலு நிமிஷம் பார்த்தும் குறையாவிட்டால் மறுபடி நாலு, அதற்கும் அடங்காவிட்டால் 108. பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை பம்ப் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது என் மகனுக்கு எழுதித் தந்தது, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கிளாஸ் மிஸ் தயங்கினார். "பம்ப் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே மேடம்?" என்றார். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் சிரப், மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும், பழக்கமாகிற மருந்து இல்லை என்று விளக்கினேன். தினமும் போடும் தடுப்பு பம்ப் வீட்டோடு சரி, பள்ளிக்கு அவசரத்துக்கான நீல பம்ப் மட்டும்தான் என்றதும் அவருக்குப் பாரம் குறைந்தது. ஸ்பேசரை அவர் கையில் கொடுத்து, எதிரிலேயே ஒரு முறை செய்து பார்க்கச் சொன்னேன். பி.டி. சாரும் கற்றுக்கொண்டார்.

இப்போது பம்ப், ஸ்பேசர், அந்தத் தாள் மூன்றும் பெயர் எழுதிய ஒரு சின்னப் பையில் வகுப்பிலேயே இருக்கின்றன. மைதானத்துக்குப் போனால் பையும் கூடவே போகும். பம்ப் கொடுத்த நாளில் மிஸ் டைரியில் நேரம் எழுதிவிடுவார். வாரத்தில் இரண்டு மூன்று தடவை என்று ஏறினால் டாக்டரைப் பார்க்க அதுவே எனக்குத் தகவல்.

பள்ளி வேனுக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. டிரைவர் அண்ணன் வண்டியை ஓட்டுவாரா, பம்ப் கொடுப்பாரா? வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், சொல்லுங்களேன்.