பாரிஸ்ல இந்த மாதிரி குட்டி பிரெஞ்சு ரெஸ்டாரன்ட் தெரிஞ்சா சொல்லுங்க

மக்களே ஒரு உதவி வேணும். இப்போ பிரான்ஸ்ல சுத்திட்டு இருக்கோம், லியோன்ல க்ருவா ரூஸ் மேட்டுல சும்மா நடந்து போகும்போது ஒரு சந்துல குட்டியா ஒரு ரெஸ்டாரன்ட் கண்ல பட்டுச்சு, மெனுவை கரும்பலகையில சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்காங்க, பூரா அந்த ஏரியா ஆளுங்கதான் உக்காந்து சாப்பிடுறாங்க. கெனெல்னு ஒண்ணு குடுத்தாங்க, மீனை அரைச்சு முட்டை வெண்ணெய் எல்லாம் சேர்த்து செய்றது, மேல நாந்துவா சாஸ் (இறால் மாதிரி இருக்குற நன்னீர் க்ரேஃபிஷ்ல செய்ற க்ரீம் சாஸ்), அவ்ளோ மெத்துனு இருந்துச்சு! பிரெட்டுக்கும் ஜாடித் தண்ணிக்கும் தனிக் காசே இல்ல.

ஆகஸ்ட் முதல் வாரம் பாரிஸ்ல இருப்போம். டூரிஸ்ட் கூட்டம் இல்லாம இதே மாதிரி இடம் 11வது, 20வது வட்டாரம் பக்கம் யாராவது சாப்பிட்டிருக்கீங்களா? கூட அம்மா வர்றாங்க, மாட்டுக்கறி தொட மாட்டாங்க, சாஸ்ல மாட்டெலும்பு ஸ்டாக் இருக்கானு பிரெஞ்சுல எப்படிக் கேக்குறது? போன்ல இங்கிலீஷ்ல பேசினா டேபிள் புக் பண்ணுவாங்களா? நிறைய கடை ஞாயிறு, திங்கள் மூடிடுறாங்க, ஆகஸ்ட்ல மொத்தமாவே லீவு விட்டுடுறாங்க, அதனால அப்போ திறந்திருக்கும்னு உறுதியா தெரிஞ்ச இடமா சொன்னா பெரிய உதவியா இருக்கும்.