பொழுதானா வீறிடுற 5 வாரக் கொழந்தை: உரமருந்து குடுக்கலாமுங்களா?

நொய்யல்கரை:
தெனமும் சாயந்தரம் 6 மணிக்கு ஆரம்பிச்சு 9 வரைக்கும் காலை மடக்கிட்டு வீறிடுது. தாய்ப்பால் மட்டும்தானுங்க. எடை ஏறுது, காய்ச்சல் இல்லை. அமுச்சி (அம்மாவோட அம்மா) உரமருந்துன்னு வசம்பைச் சுட்டு உரசி ஊத்தச் சொல்றாங்க.

தாராபுரத்துக்காரி:
ஊத்தாதீங்க. வசம்புல இருக்கற அசரோன் நச்சுங்க, வாந்தி புடிச்சுக்கும். தேனும் 1 வயசு வரைக்கும் ஆகாது, பாட்டுலிசம்ங்கற, நரம்பைத் தாக்கற நச்சு நோய் வரும். வசம்பு வளையலும் வேண்டாம், கை வாய்க்குத்தானே போகும்!

பால் குடிக்கறப்ப காம்பை மட்டும் கவ்வுனா காத்தும் உள்ள போகும். காம்பைச் சுத்தியிருக்கற கருவளையமும் வாய்க்குள்ள இருக்கோணும். குடிச்சதும் 10–15 நிமிஷம் தோள்ல நிமித்திப் புடிச்சு முதுகைத் தடவுங்க. அழுகறப்ப முன்னங்கை மேல குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்புல இருக்கற மாதிரி வெச்சு, மெதுவா நடங்க. வெளக்கை அணைச்சு, ஃபேன் சத்தம் மட்டும் இருக்கட்டும். தூங்கிட்டா மல்லாக்கத்தான் போடோணும்.

காங்கேயத்து அத்தை:
குலுக்கிறாதீங்க, மூளையில ரத்தம் கசியும். கை சலிச்சா தொட்டில்ல விட்டுட்டு சித்த நேரம் வெளிய நில்லுங்க, தப்பில்லை. இந்த சாயந்தர அழுகை 6 வாரத்துல உச்சம். 3–4 மாசத்துல அடங்கிரும். பச்சை வாந்தி, மலத்துல ரத்தம், 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காம துவண்டு கெடக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.