வேலை போன அப்பாக்களும் சைல்ட் சப்போர்ட்டும்: அமெரிக்க நடைமுறை

வேலை போனால் ரெஸ்யூமேயைத் திருத்த உட்காருவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சைல்ட் சப்போர்ட் தொகையை, அதாவது பிரிந்து வாழும் அப்பா குழந்தைக்காக மாதாமாதம் கட்ட வேண்டிய பணத்தை, குறைக்கச் சொல்லி அதே வாரத்தில் மனுக் கொடுத்துவிடுங்கள். 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்தியச் சட்டத்தின்படி, தவணை நாள் தாண்டிய ஒவ்வொரு தொகையும் தீர்ப்புக்குச் சமம். பின்னால் எந்த நீதிபதியாலும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. மனு போட்டதாக எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன நாளிலிருந்துதான் குறைப்புச் செல்லும். மாதம் 500 டாலர் என்றால் ஆறு மாதத் தாமதத்துக்கு 3,000 டாலர் பாக்கி. 2,500 தாண்டினாலே பாஸ்போர்ட் கிடைக்காது. "இந்த மாசம் பரவாயில்லை" என்று குழந்தையின் அம்மா வாயால் சொன்னது கணக்கில் ஏறாது.

சிறைக்குப் போனவர்களுக்கும் வழி உண்டு. சிறையில் இருப்பதை, வேண்டுமென்றே வேலையை விட்டதாகக் கருதக் கூடாது என்று 2016 விதி சொல்கிறது.

*

மேலே சொன்னதற்கு அடுத்த படி, வேலை தேடித் தரும் திட்டங்கள். டெக்சாஸில் 2005 முதல், தொகை கட்ட வேண்டிய பெற்றோருக்கு வேலை தேட உதவும் என்சிபி சாய்ஸஸ் என்ற திட்டம் நடக்கிறது. அதில் சேரச் சொல்வது நீதிமன்ற ஆணை. ஆகவே சந்திப்புக்குப் போகாவிட்டால் ஆணையை மீறியதாகிவிடும். பஸ் இல்லை, ஷிப்ட் மாறிவிட்டது என்றால் முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள்.

திட்டத்தில் சேர்ந்தால் தொகை தானாகக் குறையும் என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். குறையாது, மனு தனி. 2012-இல் எட்டு மாநிலங்களில் தொடங்கிய, இதேபோல் வேலை தேட உதவும் சிஎஸ்பெட் சோதனைத் திட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். சைல்ட் சப்போர்ட் அலுவலகத்தின்மீது அப்பாக்களுக்கு இருந்த கசப்பு குறைந்தது, மறு ஆய்வில் விதித்த தொகையும் இறங்கியது. விதித்ததில் எவ்வளவு கட்டினார்கள் என்ற விகிதம் மட்டும் உயரவில்லை. வேலையே நிலைக்காதவரிடம் அது எப்படி உயரும்?

*

வேலை கிடைத்த பிறகுதான் பெரிய சறுக்கல். புது ஆள் சேர்ந்ததை முதலாளி 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உடனே சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் ஆணை வந்துவிடும். வரி போன்ற சட்டப்படியான பிடித்தம் போக மிஞ்சும் பணத்தில் 50 சதவீதம்வரை எடுக்கலாம். வேறு மனைவி, பிள்ளை பொறுப்பில் இல்லையென்றால் 60. பன்னிரண்டு வாரத்துக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் இன்னும் 5 கூடும். இரண்டாவது சம்பளத்தைப் பார்த்துவிட்டு வேலையையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடாதீர்கள். பாக்கிக்கான மாதத் தவணையை, வேலையில் சேரும் முன்பே குறைத்துக் கேளுங்கள்.

பாக்கியில் எவ்வளவு அரசுக்கு (அம்மா அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் அதற்கு ஈடாக), எவ்வளவு அம்மாவுக்கு என்று சைல்ட் சப்போர்ட் அலுவலகத்துக்குப் போய்ப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். அரசுக்குச் சேர வேண்டியதை மாநிலமே விட்டுக்கொடுக்கலாம். அம்மாவுக்குச் சேர வேண்டியதற்கு அவர் சம்மதம் வேண்டும். பாக்கியால் ஓட்டுநர் உரிமம் முடங்கியிருந்தால் அதே சந்திப்பில் விடுவிக்கச் சொல்லுங்கள். கார் இல்லாமல் போக முடியாத வேலைகளே அதிகம்.