சியன்னா கத்தரீன் சாப்பிட மறுத்தது நோயா? காரோலின் பைனமை எங்கிருந்து படிப்பது?

நெய்தல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் உள்ள நான்கு பெண்களில் நான் ஒருத்தி. இடைக்கால ஐரோப்பியப் பெண் புனிதர்களின் நோன்பு பற்றிக் கட்டுரை எழுத சியன்னா நகரத்துக் கத்தரீனை எடுத்துக்கொண்டேன். 1347இல் பிறந்து 1380இல், 33 வயதில், ரோமில் இறந்தவர். கடைசி ஆண்டுகளில் அவர் சாப்பிட்டது மிக மிகக் குறைவு. இறந்த ஆண்டின் தொடக்கத்தில் தண்ணீரையும் விட்டுவிட்டார்.

வகுப்பில் இதைச் சொன்னதும், "அனோரெக்ஸியா, சாப்பிட மறுக்கிற மனநோய். ஒரு வரியில் முடிகிற விஷயம், இதில் கட்டுரைக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. எங்கள் பாட்டி தவக்காலம் முழுக்க ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்பார், வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் (இறைச்சி இல்லாத சாப்பாடு). அந்த நாட்களிலும் எங்களுக்கெல்லாம் பரிமாறுவது அவர்தான். அவரை யாராவது நோயாளி என்றால் எனக்குக் கோபம் வரும். கோபத்தை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத முடியாதே.

காரோலின் வாக்கர் பைனம் என்பவரைப் படி என்று நூலகத்தில் ஒருவர் சொன்னார். யார் அவர்? எதிலிருந்து தொடங்கலாம்?

இரவுப்பணி (பதில்)

தங்கச்சி, நான் வரலாறு படித்தவள் இல்லை. மனநல நர்ஸ். இங்கிலாந்தில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான வார்டில் 11 வருடம் வேலை பார்த்தேன். அதனால்தான் உன் கேள்விக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த நோயை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஒரே ஒரு பிஸ்கட்டை முக்கால் மணி நேரம் பிய்ப்பாள். ஒவ்வொரு துணுக்கையும் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதே பெண் சமையல் பயிற்சி நாளில் வார்டு முழுவதுக்கும் கேக் செய்வாள், எல்லோரும் சாப்பிடுகிறார்களா என்று கண் கொட்டாமல் பார்ப்பாள், தான் மட்டும் விரலில் ஒட்டிய மாவைக்கூட நக்காமல் கழுவிவிடுவாள். கத்தரீனின் கதையை முதன்முதலில் படித்தபோது உன் வகுப்பில் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். பைனமைப் படித்த பிறகு அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

பைனம் 1941இல் அமெரிக்காவில் அட்லாண்டாவில் பிறந்தவர். ஹார்வர்டில் 1969இல் முனைவர் பட்டம். அங்கேயும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கொலம்பியாவிலும் கற்பித்துவிட்டு, 2003இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்குப் போனார். 1996இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். உனக்கு வேண்டியது அவருடைய 1987ஆம் ஆண்டுப் புத்தகம், 'ஹோலி ஃபீஸ்ட் அண்ட் ஹோலி ஃபாஸ்ட்'. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இத்தாலியப் பெண் புனிதர்கள் 261 பேரை ஆராய்ந்து, அவர்களில் பலரிடம் 'புனித அனோரெக்ஸியா' இருந்தது என்று எழுதியிருந்தார். உன் வகுப்பில் எழுந்தது அந்த வாதத்தின் எதிரொலி.

பைனம் நோயே கிடையாது என்று மறுக்கவில்லை. அவர் கேட்பது வேறு. உடம்பில் என்ன நடந்தது என்று நீ சொல்லிவிட்டாய், சரி. அந்தப் பெண்ணுக்குச் சோறு என்றால் என்ன பொருள் என்று சொன்னாயா? அந்தக் காலத்து வீட்டில் நிலம் அவள் பெயரில் இல்லை, பணம் அவள் கையில் இல்லை, கல்யாணம்கூட அவள் முடிவு இல்லை. அடுப்படி மட்டும் அவளுடையது. துறக்க வேண்டுமானாலும் தானம் செய்ய வேண்டுமானாலும் கையில் இருப்பதைத்தானே செய்ய முடியும்?

கத்தரீனின் வீட்டையே பார். அப்பா சாயக்காரர். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் கடைக்குட்டிகளில் ஒருத்தி இவள். கல்யாணம் வேண்டாம் என்று தலைமுடியை வெட்டிக்கொண்டதும், வீட்டார் தண்டனையாக வேலைக்காரி செய்கிற வேலையையெல்லாம் இவள் தலையில் கட்டினார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அப்பாவை இயேசுவாகவும் அம்மாவை மரியாளாகவும் அண்ணன்மாரை அப்போஸ்தலர்களாகவும் மனசில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறினாள். அவளுடைய ஆன்ம குருவாக இருந்த கப்புவா ரேமண்ட் எழுதிய சரித்திரத்தில் இது இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டையும் திராட்சை ரசத்தையும் ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள் என்பதும் அதில்தான். அவள் உண்ணாமல் இருந்ததை இதிலிருந்து தனியாக வெட்டி எடுத்தால் நம் வார்டுக் கேஸ் ஷீட் மாதிரி ஆகிவிடும்.

நற்கருணையையும், அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வாங்கி உண்ணும் அப்பத்தையும், இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1215இல் ரோமில் ஆயர்கள் கூடி நடத்திய நான்காம் லாத்தரன் சங்கம், எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறையாவது, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில், நற்கருணை வாங்க வேண்டும் என்றது. அந்த ஒரு முறையே சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. குருவானவர் ஓஸ்தியை, அதாவது அந்த அப்பத்தை, தூக்கிக் காட்டும்போது பார்ப்பதுதான் பெரும்பாலோருக்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் அடிக்கடி வாங்க வேண்டும் என்று ஏங்கித் தவித்தவர்களில் பெண்களே அதிகம். நற்கருணைப் பெருவிழா வேண்டும் என்று இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் முதலில் கேட்டதும் ஜூலியானா என்ற பெண்தான். 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் அதைத் திருச்சபை முழுவதற்கும் அறிவித்தபோது ஜூலியானா உயிரோடு இல்லை. பைனம் சொல்கிறபடி பார்த்தால், இந்தப் பெண்களின் பசி ஒரு சாப்பாட்டை விலக்கி இன்னொரு சாப்பாட்டைத் தேடிய பசி. கத்தரீனே தன் கடிதங்களில் 'சிலுவையின் மேசையில் ஆன்மாக்களை உண்பது' என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்.

என்னைத் தூங்கவிடாத பகுதி ஒன்று உண்டு. உன் நோன்பு பிசாசின் ஏமாற்றாக இருக்கலாம் என்று ஒரு துறவி எச்சரித்தபோது கத்தரீன் எழுதிய பதில் கடிதம் அது. மற்றவர்களைப் போலச் சாப்பிட அருள் தரும்படி கடவுளை வேண்டுகிறேன், நாளுக்கு ஒன்றிரண்டு முறை வலிந்து சாப்பிடவும் முயல்கிறேன், இது எனக்கு வந்த ஒரு நலிவு என்று அதில் சொல்கிறார். இந்த வார்த்தைகளை என் வார்டில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! அதனால் நோய் என்ற சொல்லை நான் தூக்கி எறியமாட்டேன். ஆனால் என் நோயாளிகளுக்கு அந்த வேதனையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கத்தரீனுக்கு ஒரு முழு மொழி இருந்தது. அதே பட்டினியோடு அவள் திருத்தந்தைக்குக் கடிதம் எழுதினாள், அவர் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோனுக்கே நேரில் போய் ரோமுக்குத் திரும்புங்கள் என்று சொன்னாள். இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியவர் பைனம்தான்.

வரப்பு (பதில்)

நல்ல பதில் சகோதரி. ஒரு சந்தேகம். நோன்பு ஆண்களும் இருந்தார்களே, எகிப்தின் பாலைவனத் துறவிகள் தொடங்கி? பெண்களுக்கு மட்டும் இதைத் தனியாகப் பேசுவது சரியா?

இரவுப்பணி

சரியான கேள்வி அண்ணா. ஆண்களும் இருந்தார்கள், பைனமும் அதைச் சொல்கிறார். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அசிசி பிரான்சிஸ் மனம் மாறிய கதையில் நடுவில் நிற்பது எது? ஆயர் முன்னால் உடைகளைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தது. துணி வியாபாரி மகன் துணியையும் காசையும் துறந்தார். பெண்களின் சரித்திரங்களில் அந்த நடு இடத்துக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது.

ஹங்கேரி அரசர் மகள் எலிசபெத்தைப் பாருங்கள். 1231இல் 24 வயதில் இறந்தவர். கணவருடைய மேசையில் வரும் உணவு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பாராம். குடியானவர்களிடம் அநியாயமாகப் பிடுங்கியது என்று தெரிந்தால் கை வைக்கமாட்டார். விருந்தில் மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க ரொட்டியைப் பிய்த்து அங்கும் இங்கும் நகர்த்திச் சாப்பிடுவதுபோலக் காட்டுவாராம். அவரோடு இருந்த தோழிப் பெண்கள் பிறகு சாட்சியாகச் சொன்னது இது. தட்டில் துணுக்குகளை நகர்த்துகிற அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிந்த கை. காரணம்தான் நான் அதுவரை கேட்டிராதது.

பெர்லின்வாசி (பதில்)

கேள்விக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விஷயம். பைனம் 2007இல் கிறிஸ்துவின் இரத்தத்தின் மேல் இருந்த பக்தி பற்றி 'வொண்டர்ஃபுல் பிளட்' எழுதினார். அதில் முக்கியமாக வரும் வில்ஸ்னாக் என்ற ஊர் பெர்லினிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தான். 1383இல் ஒரு பிரபு அந்தக் கிராமத்தை எரித்த பிறகு, சாம்பலில் மூன்று ஓஸ்திகள் கருகாமல், இரத்தத் துளியோடு கிடந்தன என்று பேச்சு பரவியது. கூட்டம் குவிந்தது. போஹீமியச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எதிர்த்தார், 1451இல் திருத்தந்தையின் தூதரான கர்தினால் நிக்கோலாஸ் குசானுஸ் தடை போட்டார், மக்கள் நிற்கவில்லை. 1552இல் லூத்தரன் போதகர் ஒருவர் ஓஸ்திகளை எரித்துவிட்டார்.

போன வருடம் போயிருந்தேன். சின்ன ஊர், அதற்குப் பொருந்தாத மாபெரும் செங்கல் கோயில். பக்கத்துச் சிற்றாலயத்தில் ஓஸ்திகளை வைத்திருந்த பேழை இன்னும் இருக்கிறது, கதவில் ஓவியத்தோடு. உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் கதவின் முன்னால் நின்றபோதுதான், ஒரு பொருளைத் தொடவும் பார்க்கவும் அத்தனை பேர் ஏன் நடந்தே வந்தார்கள் என்று பைனம் ஏன் இத்தனை பக்கம் எழுதினார் என்பது எனக்குப் புரிந்தது.

நெய்தல்

மிக்க நன்றி அக்கா. பெர்லின் அண்ணாவுக்கும் நன்றி. கட்டுரைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. முழுப் புத்தகமும் படிக்க நேரம் இருக்காது. எந்த அத்தியாயம்?

இரவுப்பணி

ஐந்தாவது முதலில். ஹேடவெய்க், நாசரேத் பியட்ரிஸ், சியன்னா, ஜெனோவா ஊர்களின் இரண்டு கத்தரீன்கள் என்ற நான்கு பெண் ஞானிகளும் தாங்களே எழுதியதையும் சொன்னதையும் வைத்துப் பேசுகிற அத்தியாயம். அப்புறம் ஆறாவது. அனோரெக்ஸியா கேள்வியை அங்கேதான் நேராக எடுத்துக்கொள்கிறார். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதே, பாதிச் சண்டை அங்கேதான் நடக்கிறது.

ரேமண்டின் சரித்திரத்தை எடுத்தால் ஒன்றை மனசில் வை. கத்தரீனைப் புனிதராக்க வேண்டும் என்ற ஆசையோடு எழுதியவர் அவர். கடிதங்களில் கேட்பது அவளுடைய குரல். இரண்டும் முரண்படுகிற இடங்களைத் தனித்தாளில் குறித்துக்கொண்டே வா. பாட்டியிடமும் ஒரு நாள் உட்கார்ந்து கேள், ஒருசந்தி நாளில் மனசுக்குள் என்ன ஓடும் என்று. கட்டுரையில் போட வேண்டாம். உனக்காகக் கேள்.