டிஜிபி நியமனம், பதவி உயர்வு: விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் காவல்துறைத் தலைமை நியமனம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 31-ல் தமிழ்நாடு காவல்துறைத் தலைவராக (டிஜிபி) இருந்த சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றதும், ஜி. வெங்கட்ராமன் பொறுப்பு டிஜிபி ஆக்கப்பட்டது நினைவிருக்கும். காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே வழி சொல்லிவிட்டது: யுபிஎஸ்சி (மத்திய பணியாளர் தேர்வாணையம்) தேர்ந்தெடுத்துத் தரும் மூத்த அதிகாரிகள் மூவரில் ஒருவரை மாநிலம் நியமிக்க வேண்டும்; அவருக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம். பொறுப்பு டிஜிபி என்ற ஏற்பாடே கூடாது, பதவி காலியாகும் 3 மாதம் முன்பே பெயர்களை அனுப்புங்கள் என்று 2018-ல் மறுபடி சொன்னது. அப்புறமும் பல மாநிலங்களில் பொறுப்பு டிஜிபிதான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தலைமையே தற்காலிகம் என்றால் கீழே இருப்பவர்கள் யாரை நம்பிக் கடுமையான முடிவு எடுப்பார்கள்?

எனக்கு வேண்டியது இரண்டு. தமிழ்நாடு காவல்துறை சீர்திருத்தச் சட்டம் 2013, தமிழில் முழுமையாக யாரிடமாவது இருக்கிறதா? டிஎஸ்பி வரையிலான பதவி உயர்வு, இடமாற்றத்தை மூத்த காவல் அதிகாரிகள் அடங்கிய காவல் பணியமைப்பு வாரியம் முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதே 2006 தீர்ப்புதான். அது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று ஓய்வு பெற்ற காவலர்கள், அவர்கள் குடும்பத்தினர் சொன்னால் பெரிய உதவி. பெயர், நிலையம் எதுவும் வேண்டாம். தனிச்செய்தியில் எழுதினாலும் சரி.