121 தோல்வி என்பதால் மட்டும் வைட் சாக்ஸ் மெட்ஸை விட மோசமாகிவிடுமா?

35ஆம் தெரு:
கொலராடோ ராக்கீஸ் 2025-ல் 119 ஆட்டம் தோற்றதைப் பற்றிய இழையில் ஃப்ளஷிங் குமார் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: "ராக்கீஸை விடுங்கள், 2024 சிகாகோ வைட் சாக்ஸை விட மோசமான அணி பேஸ்பாலில் கிடையாது. எங்கள் 1962 நியூயார்க் மெட்ஸின் பாவம் கழிந்தது." இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால் தனி இழை.

எங்கள் வைட் சாக்ஸ் 41 வெற்றி, 121 தோல்வி. மெட்ஸ் 40 வெற்றி, 120 தோல்வி. கூட்டிப் பாருங்கள். எங்களுடையது 162, அவர்களுடையது 160. ஒரு ஆட்டம் சமனில் முடிந்தது, இன்னொன்று நடக்கவே இல்லை. வெற்றி விகிதம் எங்களுக்கு 25.3 சதவீதம், அவர்களுக்கு 25. இரண்டு ஆட்டத்தை முடிவில்லாமல் விட்டுவிட்டு, நீ ஒரு ஆட்டம் கூடுதலாகத் தோற்றாய் என்று எங்களைப் பார்த்துச் சொல்வது என்ன நியாயம்?

ஃப்ளஷிங் குமார்:
ஆடாத ஆட்டத்தில் யாரும் தோற்க முடியாது அண்ணே. 1901-க்கு அப்புறம் ஒரே சீசனில் அதிகம் தோற்ற அணி எது என்று கேட்டால் வரும் பதில் வைட் சாக்ஸ். 121. அதற்கு முன் எங்கள் 120.

மெட்ஸ் அப்போது பிறந்த குழந்தை. மற்ற அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த ஆட்டக்காரர்களை 1961 அக்டோபரில் பொறுக்கி எடுத்து, மேனேஜர் கேசி ஸ்டெங்கல் கையில் கொடுத்து ஆடச் சொன்னார்கள். உங்கள் அணிக்கு 1901-லிருந்து வரலாறு இருக்கிறது. 2021-ல் 93 வெற்றியோடு பிரிவில் முதலிடம். மூன்றே வருடத்தில் 121 தோல்வி. எது அசிங்கம்?

35ஆம் தெரு:
புது அணி என்ற சப்பைக்கட்டு செல்லாது. அதே 1962-ல், அதே டிராஃப்டில் ஆட்களை எடுத்து ஹூஸ்டனும் புதிதாக வந்தது. 64 வெற்றி, 96 தோல்வி. பத்து அணிகளில் எட்டாம் இடம், சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸுக்கு மேலே! ஒதுக்கிவைத்த ஆட்களைத்தான் ஹூஸ்டனுக்கும் கொடுத்தார்கள்.

160 பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஸ்கோர்ஷீட்:
மோசம் என்பதை எதை வைத்து அளக்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளலாமே. தோல்வி எண்ணிக்கை என்றால் 2024 வைட் சாக்ஸ். விகிதம் என்றால் 1916 ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ், 36 வெற்றி, 117 தோல்வி, 23.5 சதவீதம். எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம் என்றால் 2025 ராக்கீஸ், 424 ரன் பள்ளம். அதே கணக்கில் மெட்ஸ் 331, வைட் சாக்ஸ் 306. அளவுகோலை மாற்றினால் அணியும் மாறும்.

35ஆம் தெரு:
331 பெரிதா, 306 பெரிதா? அதிலும் மெட்ஸ்தான் எங்களை விட மோசம். நன்றி ஸ்கோர்ஷீட்.

ஃப்ளஷிங் குமார்:
அந்த 306 எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள். சீசன் முழுக்க 507 ரன். 2024-ல் முப்பது அணிகளில் கடைசி. மெட்ஸ் 617 எடுத்தது. எங்களவர்களுக்கு அடிக்கவாவது தெரிந்தது. ரிச்சி ஆஷ்பர்னின் பேட்டிங் சராசரி அந்த அணியில் 30 சதவீதத்துக்கு மேல்.

டெட்ராய்ட் செந்தில்:
எங்களை மறந்துவிட்டீர்கள். 2003 டெட்ராய்ட் டைகர்ஸ், 43 வெற்றி, 119 தோல்வி. கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்து 120-ஐத் தவிர்த்தோம். மானம் இருக்கிற அணி அதைத்தான் செய்யும்.

அப்புறம், அந்த 121-வது தோல்வி எங்கே நடந்தது என்று 35ஆம் தெரு சொல்லவே இல்லை. 2024 செப்டம்பர் 27, டெட்ராய்ட், கொமெரிக்கா பார்க். 4-1. அதே இரவில் நாங்கள் 2014-க்கு அப்புறம் முதல் முறையாக பிளேஆஃப் போனோம். நான் அரங்கத்தில் இருந்தேன். தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன்.

35ஆம் தெரு:
அடுத்த இரண்டு நாளும் அதே கொமெரிக்கா பார்க்கில் உங்களை ஜெயித்தது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம். அதற்கு முன் ஏஞ்சல்ஸை மூன்றுக்கு மூன்று ஜெயித்துவிட்டுத்தான் டெட்ராய்ட் வந்தோம். கடைசி ஆறில் ஐந்து வெற்றி. நீங்கள் செய்தால் மானம், நாங்கள் அதே ஆறில் ஐந்தைச் செய்தால் கணக்கில் வராதா?

டெட்ராய்ட் செந்தில்:
நீங்கள் ஜெயித்தது நாங்கள் பிளேஆஃபை உறுதி செய்துகொண்ட பிறகு. அதை ஒரு வெற்றி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

35ஆம் தெரு:
41-ல் அவை இரண்டும் இருக்கின்றன. 41 என்பது 40-ஐ விடப் பெரியது.

அந்த சீசனை நான் பார்த்திருக்கிறேன், புள்ளிவிவரப் பக்கத்தில் படித்துவிட்டு வந்து பேசவில்லை. மே 23, பால்டிமோருடன் சொந்த மைதானத்தில். கடைசி இன்னிங்ஸ், 8-6 என்று பின்தங்கியிருக்கிறோம். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆள், ஒரு அவுட்தான். பெனின்டெண்டி அடித்த பந்து செங்குத்தாக மேலே போனது. எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்து, அதாவது இன்ஃபீல்ட் ஃப்ளை, என்று அம்பயர் அறிவித்தார், அதோடு அடித்தவர் அவுட். இரண்டாம் பேஸில் இருந்த வான் திரும்பித் தன் பேஸுக்குப் போகிறார், பின்னாலிருந்து பந்தைப் பிடிக்க வரும் பால்டிமோர் ஷார்ட்ஸ்டாப் ஹெண்டர்சனை அவர் பார்க்கவே இல்லை. ஹெண்டர்சன் பந்தைச் சிரமமில்லாமல் பிடித்தார். ஆனாலும் இடைஞ்சல் செய்தார் என்று வானையும் அவுட் கொடுத்தார்கள். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது! முறையிட்டபோது, அது அம்பயர் தன் விருப்பப்படி முடிவெடுக்கக்கூடிய இடம் என்று லீக் தரப்பிலேயே சொன்னார்கள். அந்த ஒரு தோல்வி இல்லையென்றால் 120-ஓடு நின்றிருக்கும். இந்த இழையே இருந்திருக்காது.

ஃப்ளஷிங் குமார்:
அம்பயரா காரணம்? 1962 ஜூன் 17, கப்ஸுடன் ஆட்டம். எங்கள் மார்வ் த்ரோன்பெர்ரி பந்தை அடித்துவிட்டு மூன்றாம் பேஸ் வரை ஓடி நின்றார். முதல் பேஸை மிதிக்கவில்லை என்று அவுட். அடுத்து வந்த சார்லி நீல் ஹோம் ரன் அடித்தார். த்ரோன்பெர்ரி மூன்றாம் பேஸில் இருந்திருந்தால் இன்னொரு ரன். ஆட்டம் 8-7 என்று போனது. நாங்கள் அம்பயர் மேல் பழி போடவில்லை. அந்த த்ரோன்பெர்ரியை நியூயார்க் தலையில் வைத்துக் கொண்டாடியது. எங்கள் பழைய மைதானமான போலோ கிரவுண்ட்ஸுக்கு அந்த வருடம் 9 லட்சத்துக்கு மேல் ஜனம் வந்தது. ஏழே வருடத்தில், 1969-ல், உலகத் தொடரை ஜெயித்தோம்.

35ஆம் தெரு:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அறுபது வருடமாக அந்த 120-ஐ நீங்கள் வெட்கப்படாமல், பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் செல்லப்பிள்ளைகள் தோற்ற கதை என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். இப்போது எங்களுக்கு 121 வந்ததும் அதையே பாவம் என்கிறீர்கள், கழிந்தது என்கிறீர்கள். பாவம் என்றால் அப்போதும் பாவம்தான்.

160.

வித்யா சான்டியாகோ:
ஒன்று சொல்லட்டுமா? 2024 மார்ச்சில், சீசன் தொடங்கும் முன், பந்து வீசும் பிட்சர் டிலன் சீஸை எங்கள் சான்டியாகோ பாட்ரெஸுக்குக் கொடுத்தது உங்கள் பொது மேலாளர் கிறிஸ் கெட்ஸ்தானே. ஜூலை 25 அன்று வாஷிங்டனில் சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் வீசினார். அன்று உங்கள் அணி எங்கே இருந்தது? தொடர்ச்சியாக 21 ஆட்டம் தோற்ற அந்த வரிசையின் நடுவில். அதே ஜூலையில் ஃபெடியையும் கோபெக்கையும் அனுப்பினீர்கள். இருந்த நல்ல பிட்சர்களை நீங்களே பெட்டி கட்டி அனுப்பிவிட்டு, இப்போது இரண்டு ஆட்டக் கணக்குப் பேசுகிறீர்கள். அந்த 120-வது தோல்விகூட எங்கள் ஊரில்தான்.

35ஆம் தெரு:
வித்யா, அனுப்பியது நான் இல்லை. அனுப்பியதற்கு ஒரு ஆள் இருக்கிறார். ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், 1981-லிருந்து உரிமையாளர். கடைசி ஹோம் சீரீஸில் அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு என்று ஜனம் கத்தியது அவரைப் பார்த்துத்தான். வைட் சாக்ஸ் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் பெனின்டெண்டியுடையது, 7.5 கோடி டாலர். சிகாகோ மாதிரி ஊரில்! மேனேஜர் கிரிஃபோல் 28 வெற்றி, 89 தோல்வி வரை இருந்தார். ஆகஸ்ட் 8 வரை அவரை வைத்திருந்தது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 21 தோல்வி வரிசை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அனுப்பினார்கள்.

அப்புறம் டிராஃப்ட், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது. பெரிய ஊர் அணிக்கு இரண்டு வருடம் அடுத்தடுத்து வரிசையின் முன் இடங்கள் கிடைக்கக் கூடாது என்று ஒரு விதி. 121 தோற்றதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். அந்த ஆறுதல்கூட எங்களுக்கு இல்லை.

ஃப்ளஷிங் குமார்:
உரிமையாளர் பணம் எடுக்கவில்லை என்பதற்கு மெட்ஸ் ரசிகன் என்ன செய்ய முடியும்? எங்கள் ஸ்டீவ் கோஹன் எடுக்கிறார். ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி டாலர்.

35ஆம் தெரு:
எடுத்து? 2025-ல் 83 வெற்றி, 79 தோல்வி, பிளேஆஃப் இல்லை. அதே 83 வெற்றி எடுத்த சின்சினாட்டி உள்ளே போனது. எங்கள் பெரிய ஒப்பந்தத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் கொட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஃப்ளஷிங் குமார்:
60 வெற்றி, 102 தோல்வி. 2025-ல் உங்கள் அணி. நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

அண்ணனைப் பற்றி ஒன்று இந்த இழையில் எல்லோருக்கும் தெரியட்டும். 2016-ல் கப்ஸ் உலகத் தொடரை ஜெயித்தபோது இவர் இங்கே வாழ்த்துப் பதிவு போட்டார். தெற்குச் சிகாகோக்காரர், வைட் சாக்ஸ் ரசிகர் என்று சொல்லிக்கொண்டு.

35ஆம் தெரு:
ஊருக்கு வாழ்த்துச் சொன்னேன், கப்ஸுக்கு இல்லை. அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள் பார்ப்போம். கப்ஸின் நீலச் சட்டை என் வீட்டு வாசல் தாண்டியதில்லை. இதை நீங்கள் மூன்றாவது முறையாகக் கிளப்புகிறீர்கள் குமார். எண்களில் பதில் இல்லாதபோதெல்லாம் 2016-ஐ எடுப்பது உங்கள் வழக்கம்.

மட்டுறுத்துநர்:
ஆளைப் பற்றிய பேச்சு வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

டெட்ராய்ட் செந்தில்:
நீக்கியதில் ஒன்று என்னுடையது. கப்ஸைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. குமாருடையது மட்டும் ஏன் இருக்கிறது?

ஸ்கோர்ஷீட்:
அந்த இரண்டு ஆட்டத்தையும் கணக்காகவே பார்த்துவிடலாம். மெட்ஸ் நாலில் மூன்று தோற்ற அணி. அப்படியென்றால் இரண்டையும் ஜெயிப்பதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்று. மீதிப் பதினைந்திலும் தோல்வி 121 அல்லது 122 ஆகியிருக்கும்.

பழையதையும் சேர்த்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 1899 கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ், 20 வெற்றி, 134 தோல்வி. உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, பிட்சர் சை யங் உள்பட நல்ல ஆட்களை எல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள்.

35ஆம் தெரு:
பதினாறில் பதினைந்து! குமார், படித்தீர்களா? ஸ்பைடர்ஸைப் பார்த்தாலும் அணியைச் சாகடித்தது உரிமையாளர்தான். ஆடியவர்களை யாரும் திட்டுவதில்லை. எங்கள் பிட்சர் க்ரோஷே 2024-ல் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், கையில் கிடைத்தது 6 வெற்றி, 12 தோல்வி. அவர் இருந்த அணியையா வரலாற்றிலேயே மோசம் என்பது?

ஃப்ளஷிங் குமார்:
அந்த க்ரோஷேவையும் டிசம்பரில் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

பதினாறில் ஒன்று என்றாலும் வாய்ப்பு வாய்ப்புதான். நடந்த ஆட்டத்தைப் பேசுங்கள்.

35ஆம் தெரு:
நடந்ததைத்தான் பேசுகிறேன். 41 நடந்தது, 40 நடந்தது. இதில் எது சின்னது என்று ஒரு வரியில் எழுதுங்கள், நான் போய்விடுகிறேன்.

டெட்ராய்ட் செந்தில்:
மட்டுறுத்துநர் என் பதிவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஃப்ளஷிங் குமார்:
121-ம் நடந்தது, 120-ம் நடந்தது. எது பெரிது என்று நீங்கள் முதலில் எழுதுங்கள்.

35ஆம் தெரு:
கேட்டது நான். 160 ஆட்டத்தில் 120, 162 ஆட்டத்தில் 121. வகுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். வித்யா, சீஸ் விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன், அந்த பேரத்தில் எங்களுக்கு வந்தவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.